முதலில் புக், பிறகு எஞ்சின்: பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தி எடுக்கும் செலவும் பாடும்

பலாங்கொடையில் இருந்து ஏ4 வீதியால் பெரகலைச் சந்திக்கு ஏறுபவர்கள் ஹல்துமுல்லையைத் தாண்டித்தான் போகவேண்டும். பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது. அதிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் போகும் தோட்டப் பாதைகள் பலவற்றில் பஸ்ஸைக் காணமுடியாது. லயத்தில் இருந்து வீதிக்கு இறங்கவும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், டியூசன் முடிந்து வரும் பிள்ளையைக் கூட்டிவரவும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும்தான் துணை.

அதனால்தான் பழைய பைக்கை யாரும் இலேசில் இரும்புக்குப் போடுவதில்லை. வீட்டுச் சுவரோடு சாத்தி, பொலித்தீன் விரிப்பால் மூடிக் கட்டி வைத்திருப்பார்கள். தகப்பன் ஓடியது, மாமா கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது, யாரோ கடனுக்கு ஈடாகத் தந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கொஞ்சம் செலவழித்தால் ஓட வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கும்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? பணம் எங்கே போகிறது, எதை முதலில் பார்க்கவேண்டும், எந்த இடத்தில் கைவிடவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வடக்கு கிழக்கில் போருக்குப் பின் எஞ்சிய பழைய பைக்கை வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பழைய பைக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஏற்கெனவே நாட்டில் இருந்த பைக்குகளே கைமாறிக் கொண்டிருந்தன. 2022இல் டொலர் ஒன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை போனது. ஜப்பானில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வரும் உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. இறக்குமதி திறந்த பிறகும் வரிகளால் புதிய பைக்கின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இதனால் ஹொண்டா சீடி 125 பென்லி, எம்டி 90, சீ 50, ஹீரோ ஹொண்டா சீடி 100 போன்றவை இன்னும் ஓடுகின்றன. இவற்றின் எஞ்சின்கள் எளிமையானவை. காபரேட்டர், பொயின்ற் அல்லது சிடிஐ, ஒரு சில வயர்கள், அவ்வளவுதான். கணினி வைத்துப் பிழை தேடவேண்டியதில்லை. ஹொண்டாவின் சூப்பர் கப் குடும்பம் 1958இல் தொடங்கி 2017இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. சீ 50 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தனை வண்டிகள் உலகில் இருப்பதால், நாற்பது வருடப் பழைய வண்டிக்கும் பிஸ்டனும் ரிங்கும் இன்னும் கிடைக்கின்றன.

எந்த வகைத் திருத்தம் என்று முதலில் தீர்மானியுங்கள்

"பைக்கைச் செய்து எடுக்கவேண்டும்" என்று கராஜில் சொன்னால், அதற்கு மூன்று பொருள் இருக்கலாம்.

முதலாவது, ஓட வைப்பது. காபரேட்டர் கழுவி, பிளக் மாற்றி, பெற்றோல் ஊற்றி, உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது. செலவு குறைவு. ஆனால் பிரேக், ரயர், சங்கிலி எல்லாம் பழையபடியே இருக்கும்.

இரண்டாவது, நம்பி ஓடக்கூடியதாக்குவது. மழையிலும் இரவிலும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவது. பிரேக், ரயர், வீல் பெயாரிங், வயரிங், சங்கிலி, எஞ்சின் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, கம்பனியில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. அதே நிறம், அதே ஸ்டிக்கர், குரோம் பூச்சு, ஒறிஜினல் விளக்கு, ஒறிஜினல் மீற்றர். இங்கே செலவுக்கு எல்லை இல்லை. கிடைக்காத ஒரு சிறிய பக்கமூடிக்காக மாதக்கணக்கில் தேடவேண்டி வரும். இது ஆசைக்குச் செய்வது.

வீட்டுத் தேவைக்குப் பைக் வேண்டியவர்களுக்கு உரியது இரண்டாவது வகை. பலர் முதலாவதைச் செய்துவிட்டு, மிச்சக் காசில் மூன்றாவதின் பெயின்ற் வேலையைச் செய்கிறார்கள். டாங்கி பளபளக்கும், பிரேக் பிடிக்காது. ஏ4 வீதியின் வளைவுகளில் அப்படியொரு பைக்கில் போவது உயிர் ஆபத்து.

முதலில் புக்

ஒரு நட்டையும் கழற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியது பதிவுச் சான்றிதழ். நாங்கள் "புக்" என்று சொல்வது அதைத்தான். புக்கில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் குத்தியிருக்கும் இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். துருவைச் சுரண்டி, சோக்கட்டியால் தேய்த்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். செசி இலக்கம் அரைக்கப்பட்டிருந்தால், அல்லது அந்த இடத்தில் வெல்டிங் அடையாளம் இருந்தால், அந்த வண்டியில் ஒரு ரூபாவும் போடவேண்டாம்.

அடுத்த சிக்கல் "ஓப்பன் பேப்பர்". விற்றவர் உரிமைமாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல் அதே தாளோடு அடுத்தவருக்கு விற்பார். இப்படி நாலு கை மாறியபின், புக்கில் பெயர் உள்ளவர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் போகும். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான கடிதமும் அந்தப் பெயரை நீக்கிய பதிவும் இல்லாமல் வண்டி உங்களுடையதாகாது.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இது இன்னொரு வகையில் வலிக்கும் விடயம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனபோதும், பைக்கோடு போனவர்கள் பைக்கை விட்டார்கள், அல்லது பைக் தப்பி, புக் போனது. புக் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப் பிரதிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. பதிவு உங்கள் பெயரிலோ இறந்துபோன குடும்பத்தவர் பெயரிலோ இருந்தால் முயற்சி செய்யலாம். யாரென்றே தெரியாத ஒருவரின் பெயரில் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

புக் இல்லாத பைக்கின் நிலை என்ன என்பதை 2022 ஜூலையில் எல்லோரும் கண்டோம். தேசிய எரிபொருள் அனுமதி கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர் ஒதுக்கப்பட்டது. வாகன இலக்கமும் செசி இலக்கமும் திணைக்களப் பதிவோடு பொருந்தினால்தான் அந்தக் கியூஆர் கிடைத்தது. பதிவு சரியில்லாத வண்டிகள், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாசலிலேயே நின்றன. அந்த ஒதுக்கீட்டு முறை 2023 செப்ரெம்பரில் நீங்கிவிட்டது. ஆனால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை மூன்றும் இன்றும் புக்கோடு கட்டுண்டவை.

ஆகவே காகிதச் செலவைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். நிலுவை அனுமதிப்பத்திரக் கட்டணம், உரிமைமாற்றம், அதற்காகப் போய்வரும் பஸ் காசு, இழக்கும் வேலை நாட்கள் எல்லாம் அதில் சேரவேண்டும். ஹல்துமுல்லையில் இருந்து நாரஹேன்பிட்டிக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் போய்விடும். எஞ்சினை மாற்றினாலோ நிறத்தை மாற்றினாலோ அதையும் திணைக்களத்தில் பதியவேண்டும். பழைய நிறத்தையே பூசினால் அந்த அலைச்சல் மிச்சம்.

எஞ்சின்: பணம் போகும் இடம்

நீண்டகாலம் நின்ற பைக்கின் கிக்கரை மிதிக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, சில நாள் விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் போடாமல் மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு மிதித்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறும்.

ஓடுகிற எஞ்சின் என்றால் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை, பெற்றோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். காபரேட்டரிலும் எயார் கிளீனரிலும் தீரக்கூடியது. நீலப் புகை, ஒயில் எரிகிறது. மலைநாட்டில் இதைப் பிரித்தறிய நல்ல வழி ஒன்று உண்டு. ஹப்புத்தளையில் இருந்து பெரகலைக்கு அக்சிலேற்றரை மூடி கியரில் இறக்குங்கள். கீழே வந்து மீண்டும் முறுக்கும்போது ஒரு குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வ் சீல் அல்லது கைட் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் போயிருக்கும். இரண்டாவதற்குச் செலவு அதிகம்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் போர் பண்ணி, அளவு கூடிய பிஸ்டன் போடவேண்டும். இப்பிஸ்டன்கள் வழமையாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளில் வரும். பழைய பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பார்த்தால் 25, 50, 75, 100 என்ற இலக்கம் குத்தியிருக்கும். ஏற்கெனவே 100 என்றால் அடுத்த படி இல்லை. புதிய ஸ்லீவ் அடிக்கவேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்றவேண்டும். விலை பேசமுன் அறியவேண்டிய முக்கிய இலக்கம் இதுதான். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் சிலிண்டரைப் போர் பண்ணச் சொல்லவேண்டும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு. போர் பண்ணிய பின் பிஸ்டன் தேடிப்போனால் அளவு பொருந்தாமல் இரண்டும் வீணாகலாம்.

சிலிண்டரைக் கழற்றிய நேரம் கொனெக்டிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேல்கீழாக ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரித்து அழுத்தி மாற்றவேண்டும். பழைய பைக்கில் மதிப்பீட்டை இரண்டு மடங்காக்குவது பெரும்பாலும் இந்த ஒரு பிழைதான். கழற்றாமல் "இவ்வளவுதான் முடியும்" என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாததற்கும் இதுவே காரணம்.

வடக்கில் ஓடிய பைக்

1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. உறவு இன்றும் தொடர்வதால் வண்டிகளும் அங்குமிங்கும் போகின்றன. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஓடிய பழைய பைக் என்றால் கூடுதலாகச் சில விடயங்களைப் பார்க்கவேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்குப் போகமுடியாமல் இருந்தன. அப்போது மண்ணெண்ணெயில் வாகனம் ஓடியதை அந்தத் தலைமுறை மறக்காது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த அறிவு பல குடும்பங்களைக் காப்பாற்றியது. எஞ்சின் அதற்கான விலையைக் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இறங்கி ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போக வைக்கும். ஒயில் நீர்த்தால் ரிங்கும் கிராங்கும் தேயும். வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி படியும். அக்காலத்து பைக் இன்றும் திறக்கப்படாமல் இருந்தால், சிலிண்டரை அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள். கடற்கரையில் நின்ற வண்டி என்றால் செசியின் அடிப்பக்கம், ரிம், ஸ்போக் நிப்பிள் ஆகியவற்றில் உப்புத் துரு இருக்கும். பெயின்ற்றுக்குக் கீழே சுத்தியலால் இலேசாகத் தட்டிக் கேளுங்கள்.

மலைக்கு ஏற்றபடி

ஹப்புத்தளை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. காற்றுக் குறைந்தாலும் காபரேட்டர் அதே அளவுக்கு நெருங்கிய பெற்றோலை விடும். யாழ்ப்பாணத்தில் அழகாக ஓடிய பைக் இங்கே வந்தபின் இழுக்காமல், பிளக் கறுத்து, பெற்றோல் குடிப்பது இதனால்தான். எஞ்சினைக் குறை சொல்லிப் பிரிப்பதற்கு முன், மெயின் ஜெற்றை ஒரு படி சிறிதாக்கிப் பாருங்கள். சிறிய செலவு. புகைப் பரிசோதனையில் தேறவும் இது உதவும்.

ஏற்றத்துக்கு முன் ஸ்பிரொக்கட்டில் ஒரு பல்லைக் குறைப்பது பழைய வழக்கம். 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதே அளவு கூடுதலாகச் சுற்றவும் வேண்டும். பெரும்பாலும் மலையிலேயே ஓடுபவர்களுக்கு இது பொருந்தும்.

இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும். பிரேக் சூ, கேம், கேபிள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய சூக்களில் கல்நார் இருக்கக்கூடும். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. பூ எவ்வளவு இருந்தாலும் இறப்பர் செத்திருக்கும்.

பனிமூட்டத்தில் முன்விளக்குத்தான் கண். 6 வோல்ட் வண்டியின் மங்கல் விளக்கோடு பெரகலைப் பக்கம் இரவில் போவது கடினம். வயரிங்கில் பாதிப் பிழை எர்த் இணைப்புகளில் படிந்த துருவால் வருவது. புது வயரிங் வாங்குமுன் அவற்றைச் சுரண்டி இறுக்குங்கள். டாங்கிக்குள் துரு இருந்தால் முழுக்கக் கழுவவேண்டும். ஓட்டையை ஒட்டவேண்டுமென்றால், பெற்றோல் வெறுமையான டாங்கியும் வெடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது. அனுபவமில்லாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

கணக்கைப் போடுவது எப்படி?

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம், பொறுக்கலாம், ஆசை. காகிதம், பிரேக், ரயர், விளக்கு, எஞ்சின் கட்டாயத்தில் வரும். சீற், மீற்றர், சைலன்சரின் வெளித்தோற்றம் பொறுக்கும். பெயின்ற்றும் குரோமும் ஆசை. கட்டாயத்தின் மொத்தத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கழற்றியபின் தெரியவரும் பிழைகளுக்காகச் சேர்த்து வையுங்கள்.

கணக்கு விளங்குவதற்காக உருண்டை இலக்கங்களை எடுப்போம். இவை சந்தை விலைகள் அல்ல. பைக் 60,000 ரூபா, கட்டாய வேலை 90,000 ரூபா, ஒதுக்கு 30,000 ரூபா என்றால் மொத்தம் 180,000 ரூபா. 2024 செப்ரெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தச் சம்பளத்தில் இது 133 பேர். மாதம் 20 பேர் விழுந்தால், ஒரு சதமும் சாப்பாட்டுக்கு எடுக்காமல் ஆறரை மாதத்துக்கு மேல். உங்கள் பட்டியலின் தொகையையும் உங்கள் வருமானத்தையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள். ரூபாவில் சின்னதாகத் தெரிவது நாட்களில் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

பிறகு, அதே மாதிரி வண்டி, சரியான புக்கோடு, ஓடும் நிலையில் எவ்வளவுக்கு விற்கிறது என்று மூன்று இடங்களில் விசாரியுங்கள். உங்கள் மொத்தம் அதைத் தாண்டினால் திருத்துவதை விட வாங்குவதே மலிவு. தகப்பனின் நினைவுக்காகத் திருத்துகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அதற்காகக் கடன் மட்டும் வாங்கவேண்டாம். வட்டிக்கு எடுத்துத் திருத்திய பைக்கை வட்டி கட்டவே விற்கவேண்டி வரும்.

செலவைக் குறைக்கும் வழி உங்கள் உழைப்புத்தான். கழற்றுவது, கழுவுவது, துரு சுரண்டுவது, கேபிள் மாற்றுவது, சங்கிலி மாற்றுவது வீட்டிலேயே செய்யலாம். கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் போனில் படம் எடுங்கள். நட்டுகளை யோகட் கோப்பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். கிராங்க், போர், வால்வ் சீற், வீல் நேராக்கல் ஆகியவற்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாகங்களை பதுளையிலும் பண்டாரவளையிலும் விசாரித்துவிட்டு, கிடைக்காதவற்றைப் பட்டியலிட்டு ஒரே பயணத்தில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பிஸ்டன், பெயாரிங், பிரேக் சூ ஆகியவற்றில் மலிவுப் போலிகளைத் தவிருங்கள். பக்கமூடியும் இன்டிகேற்றரும் போலியாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

எஞ்சின் பூட்டிய பிறகு முதல் 500 கிலோமீற்றருக்கு மெதுவாக ஓடுங்கள். இரண்டு பேரை ஏற்றி ஏற்றத்தில் முறுக்கவேண்டாம். முதல் ஒயிலை விரைவிலேயே மாற்றுங்கள். புதிதாகத் தேய்ந்த உலோகத் தூள் அதில்தான் இருக்கும்.

ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்ரோபர் 29 மண்சரிவுக்குப் பிறகு, கடும் மழை என்றால் லயத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறத் தயாராக இருக்கவேண்டும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அப்படியான இரவில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகி, பிரேக் பிடித்து, விளக்கு எரிகிற பைக் ஒன்று வாசலில் நிற்பதற்குப் பெரிய பெறுமதி உண்டு. கையில் இருக்கும் காசு பெயின்ற்றுக்கா பிரேக்குக்கா என்று வரும்போது அந்த இரவை நினைத்துப் பட்டியலை எழுதுங்கள்.